பதினாறு வருஷமாக ஸ்டீயரிங் ஆட்டியவள்

மார்ச் 4

இன்று டாக்டர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். இனி இவர் வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது, கனமான எதையும் தூக்கக் கூடாது. முதுகில் இரண்டு டிஸ்க் நசுங்கியிருக்கிறதாம். "அப்ப நான் என்னதான் பண்றது டாக்டர்?" என்று கேட்டார். "உட்காரலாம், நடக்கலாம்" என்றார் டாக்டர், ஏதோ பெரிய சலுகை கொடுப்பதுபோல.

வீட்டுக்குள் நுழைந்ததும் சொன்னார்: "ஒர்க்‌ஷாப்பை எதிர்த்த டயர்க்கடைக்காரருக்கே கொடுத்துடலாம். அவரும் ரொம்ப நாளா கேக்கறாரு."

எனக்குச் சுருக்கென்றது. அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

மார்ச் 5

காட்டிக்கொண்டுவிட்டேன்.

"நான் செய்யறேன்" என்றேன். "நீயா?" என்றார். "ஏன், இத்தனை நாளா அங்க உட்கார்ந்து வேடிக்கையா பார்த்தேன்?"

பதினாறு வருஷமாக இவர் வண்டிக்கு அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்திருப்பார். நான் சீட்டில் உட்கார்ந்து, "ஆட்டு, ஆட்டு, நிறுத்து" என்ற சொல்லுக்கு ஏற்ப ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டுவேன். எந்த மூட்டு தேய்ந்திருக்கிறது என்று அவர் விரலுக்குத் தெரிவதற்கு முன்பே என் உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். ஒரு நாளும் வாயைத் திறந்து சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும், முட்டாள் நான்!

மே மாதக் கடைசி வரை கெடு வாங்கியிருக்கிறேன். அதற்குள் தேறாவிட்டால் டயர்க்கடைக்காரருக்குச் சாவி.

மார்ச் 9

நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, நீங்க போய் வண்டிக்கு அடியில படுத்தா பாக்கறவங்க என்ன சொல்வாங்க?"

"அவங்க சொல்றது இருக்கட்டும். என் காலை மிதிக்காம தாண்டிப் போங்கன்னு நான் சொல்றேன்" என்றேன். இவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி சிரித்தார். சிரித்து எத்தனை நாளாயிற்று.

மார்ச் 19

இன்றைய தேதியைக் கட்டம் போட்டு வைக்கிறேன்.

நர்ஸம்மா வந்தார். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிறவர், நாளெல்லாம் காரில்தான் இருப்பார். முன்பக்கம் இடது சக்கரத்தில் கடக் கடக் என்று சத்தம். வேறொரு இடத்தில் இரண்டு ஷாக் அப்சார்பரையும் புதிதாக மாற்றியிருக்கிறார்கள். சத்தம் அப்படியே இருக்கிறது. "ரோட்ல குழியே இல்லைன்னாலும் சத்தம் வருது. பிரேக் போட்டுத் திரும்பினா வருது" என்றார்.

இவர் நாற்காலியில் இருந்தபடியே, "ஷாக்கோட மேல் மவுண்டா இருக்கும்" என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை. வண்டியைத் தூக்கினேன். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தேன். ஆடியது. இடமும் வலமுமாகப் பிடித்து அசைத்தேன். ஆடவில்லை. அப்படியானால் ஸ்டீயரிங் பக்கம் குற்றமில்லை, கீழே உருண்டை மூட்டாக இருக்கிற பால் ஜாயின்ட்தான். படுத்துப் பார்த்தால் அதன் ரப்பர் மூடி கிழிந்து, உள்ளே கிரீஸ் போய், துருத்தண்ணீர் கசிந்திருந்தது.

"மவுண்ட் இல்லைங்க. பால் ஜாயின்ட்."

"நல்லா பார்த்தியா?"

"நீங்களே வந்து கையை வைங்க."

குனிய முடியாதே. சக்கரத்தை மட்டும் தொட்டுப் பார்த்தார். பிறகு, "ஆமா" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் மனுஷன்!

பால் ஜாயின்ட், ரப்பர் புஷ் எல்லாம் சேர்ந்தே வருகிற, சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மைப் புதிதாக வாங்கி நானே மாட்டினேன். ஒரு போல்ட்டில் முழங்கைத் தோல் உரிந்துபோயிற்று. நர்ஸம்மா தெருமுனை வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்து, ஜன்னல் வழியாகக் கட்டை விரலைக் காட்டினார். இவர் சொன்னது தவறு, நான் சொன்னதுதான் சரி. இதை இவர் படிக்கப்போவதில்லை என்றாலும் எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 6

இன்னும் இரண்டு வண்டிக்கு லோயர் ஆர்ம் மாற்றியாயிற்று. ஒன்று வாடகைக் கார், இன்னொன்று பேக்கரி வேன். டயர்க்கடைக்காரர் வாசலில் நின்று எட்டி எட்டிப் பார்க்கிறார். பார்க்கட்டும்.

ஏப்ரல் 27

மானம் போச்சு.

நர்ஸம்மா வண்டி திரும்பி வந்துவிட்டது. வேகத்தடையில் ஏறினால் பழைய கட்டில்போலக் கிறீச்சிடுகிறது. கீழே போய்ப் பார்த்தேன். நான் போட்ட புது ஆர்ம், அதில் புஷ்ஷின் ரப்பர் கிழிஞ்சு கிடக்கு. அஞ்சு வாரம்தானே ஆச்சு! சாமான் மட்டமா? இல்லை, நல்ல சாமான். அப்ப என் கைதான்.

"போல்ட்டை எப்ப டைட் பண்ணே?" என்று இவர் கேட்டார்.

"மாட்டின உடனே."

"சக்கரம் தொங்கிட்டு இருக்கும்போதேவா?"

தலையாட்டினேன். அப்புறம் சொன்னார். முதலில் போல்ட்டை லேசாக மாட்டிவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் கடைசி முறுக்கு முறுக்க வேண்டுமாம். தொங்கும்போதே முறுக்கினால் வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். நாளெல்லாம் அப்படியே நின்றால் கிழியாமல் என்ன செய்யும்?

"இதை ஏன் எங்கிட்ட சொல்லலை?" என்று கத்திவிட்டேன், நர்ஸம்மா முன்னாலேயே.

"உனக்குத் தெரியும்னு நினைச்சேன். பக்கத்துலயேதானே இருந்தே."

எங்கே இருந்தேன்? வண்டியை இறக்கியதும், "போதும், நீ இறங்கிக்கோ" என்பார். நான் அடுப்பைப் பார்க்க வீட்டுக்கு ஓடிவிடுவேன். அதற்குப் பிறகுதான் அவர் அந்தக் கடைசி முறுக்கைப் போட்டிருக்கிறார். பதினாறு வருஷத்தில் நான் பார்க்காத ஒரே வேலை அதுதான்.

நர்ஸம்மாவிடம் மறைக்கவில்லை. "தப்பு என்னோடதுதாம்மா. புதுசு வாங்கி நானே மாட்டித் தர்றேன்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஊசி சரியா ஏறலைன்னா நானும் மறுபடி குத்துவேன். ஆனா என் தப்புன்னு சொல்லவே மாட்டேன். உங்களுக்குத் தைரியம் ஜாஸ்தி" என்றார்.

ஏப்ரல் 28

அந்த வாடகைக் காரும் பேக்கரி வேனும் அப்படித்தானே போயிருக்கின்றன? இன்னும் சத்தம் வரவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. இருந்தாலும் இரண்டு பேருக்கும் நானே போன் செய்து கூப்பிட்டேன். "சும்மா இருக்கறதை ஏன் கிளறுறே?" என்றார் இவர். சும்மா இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

மே 2

மூன்று வண்டியும் முடிந்தது. இந்த முறை இறக்கினேன், முன்பக்கத்தை நாலு தரம் அமுக்கி விட்டேன், அப்புறம் அடியில் நுழைந்து முறுக்கினேன். இவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மே 17

டயர்க்கடைக்காரர் இடத்தை அளக்க டேப்போடு வந்தார். எதிர்க்கடையிலிருந்து வருவதற்கும் அவருக்குக் கார். எங்கள் வாசல் கேட்டின் அடிச்சட்டத்தில் ஏறும்போது டொக்-டொக் என்று கேட்டது.

"அண்ணே, முன்னாடி வலது பக்கம் லிங்க் ராட் போயிருக்கு" என்றேன்.

"என் வண்டியா? போன மாசம்தாம்மா எல்லாத்தையும் பார்த்தேன்!"

சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு அந்த ராடைப் பிடித்து ஆட்டினேன். தளர்ந்து கடகடவென்று ஆடியது. அதோடு விட்டேனா? அவர் டயரைக் காட்டினேன். உள்விளிம்பு மட்டும் மொழுமொழுவென்று தேய்ந்து கிடந்தது. ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கிற டை ராட் எண்டும் ஆட்டம், அதனால் சக்கரங்களின் அலைன்மென்டும் கோணல். "ஊருக்கெல்லாம் டயர் பார்க்கறீங்க, உங்க டயரைப் பார்க்கலையேண்ணே" என்றேன். இவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். டயர்க்கடைக்காரர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். கார்ச் சாவியை மேஜையில் வைத்துவிட்டு நடந்தே ரோட்டைக் கடந்தார்.

மே 20

லிங்க் ராடை மாற்றியாயிற்று. டை ராட் எண்டைக் கழற்றும்போது, நீளம் மாறாமல் இருக்க, சுற்றுகளை எண்ணினேன். பதினெட்டரை. புதியதையும் அதே பதினெட்டரை சுற்று ஏற்றினேன். டயர்க்கடைக்காரருடைய அலைன்மென்ட் மெஷினிலேயே ஏற்றிப் பார்த்தால், மயிரிழைதான் திருத்த வேண்டியிருந்தது. மெஷின் பையன்கள் வாயைப் பிளந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மே 21

டயர்க்கடைக்காரர் வண்டியை எடுத்தார். கேட்டின் அடிச்சட்டத்தைத் தாண்டினார். நிறுத்தினார். பின்னால் வந்து மறுபடி தாண்டினார். இப்படி மூன்று தரம். சத்தமே இல்லை.

இறங்கி வந்து இவரிடம், "அப்ப இடத்தை எப்பங்க காலி பண்றீங்க? விக்கறேன்னு சொன்னீங்களே" என்றார்.

"சொன்னேன்" என்றார் இவர். "அப்ப எங்கிட்ட மெக்கானிக் இல்ல."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கையெல்லாம் கிரீஸ், துடைக்கக்கூட முடியவில்லை.

மே 31

இன்று கெடு முடிகிற தேதி என்பது இதை எழுத உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. இவரிடம் சொன்னேன்.

"அதுக்கென்ன?" என்றார். "காலைல வர்ற வேனுக்கு ஆர்ம் சொல்லி வெச்சிட்டியா?"

சொல்லி வைத்துவிட்டேன்.