பிரிக்காத உறை

என் வீட்டுக்காரரும் எங்கள் அலுவலகத்தின் புதுத் தலைமை வடிவமைப்பாளருமான உங்களுக்கு,

வெளியூர்ப் பயிற்சி நல்லபடியாகப் போகும் என்று நினைக்கிறேன். ஒழுகிய குழாயை நானே மாற்றிவிட்டேன்.

உங்களுக்குக் கிடைத்த பதவி எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று இயக்குநரிடம் நேராகவே போய்க் கேட்டேன். "உங்க வேலையில குறையே சொல்ல முடியாதும்மா. ஆனா எல்லாம் லேட்டாதான் வருது. உங்க வீட்டுக்காரரைப் பாருங்க, ஒரு வரைபடமாவது தள்ளிப்போயிருக்கா?" என்றார். சிரிப்பை அடக்க முடியவில்லை. எப்படித் தள்ளிப்போகும்? அவற்றை வரைந்து முடித்துவிட்டுத்தானே நான் என்னுடையதைத் தொடுவேன்!

மூலையில் உட்கார்ந்து அழுவேன் என்று நினைத்தீர்களா? ஒரு நாள் அழுதேன், போதும். இப்போதெல்லாம் காலையில் போனை அணைத்து மேசை டிராயரில் போட்டுவிட்டு என் வேலையை மட்டும் பார்க்கிறேன். பள்ளிக்கூட வரைபடத்தைக் கெடுவுக்கு முன்பே கொடுத்தேன். இயக்குநர் என்னைப் பார்த்தார், பிறகு காலண்டரைப் பார்த்தார். அடுத்த முறையும் அந்தப் பதவிக்கு விண்ணப்பிப்பேன்.

"கொஞ்சம் பாத்துக் குடும்மா" என்று நீங்கள் அனுப்பிய மருத்துவமனை வரைபடம் இத்துடன் திரும்பி வருகிறது. உறையைப் பிரிக்கவே இல்லை. திங்கட்கிழமை கெடு என்று ராத்திரி போனில் சொன்னீர்கள். கவலை வேண்டாம், முடித்துவிடுவீர்கள். நேரத்துக்கு வேலையை முடிப்பதில் நீங்கள் பெயர்போனவர் ஆயிற்றே!

இப்படிக்கு,
மாலை ஆறு மணிக்கு மேல் உங்கள் மனைவி