பெட்டியோடு போய்விட்ட என் படம்

யோங்தோ, பூசான்
டிசம்பர், முதல் ஞாயிறு

அன்பு மகள் நாரேவுக்கு அப்பா எழுதுவது.

நான் இங்கே நலம் என்று எழுதினால் நீ நம்பப் போவதில்லை, அதனால் காலையில் என்ன சாப்பிட்டேன் என்று எழுதுகிறேன். ஒரு கிண்ணம் நிறையச் சோறு, பன்றி எலும்பு சூப், முள்ளங்கிக் கிம்ச்சி. சாப்பிட்ட கிண்ணத்தை நானே கழுவி வைத்துவிட்டு, பஸ் ஏறாமல் படிக்கட்டு வழியாகத் துறைமுகம் வரை இறங்கி, திரும்பவும் நடந்தே ஏறி வந்துதான் இந்தப் பேனாவை எடுத்தேன். சாகப் போகிறவன் செய்கிற வேலையா இது, நீயே சொல். நீயும் பாக் மாப்பிள்ளையும் அந்த எட்மன்டன் குளிரில் ஒரு தும்மல்கூட இல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியது.

போன வாரம் நீ போனில் அழுத அழுகை இன்னும் காதிலேயே இருக்கிறது. சாமான்கள் வந்து சேர்ந்த சந்தோஷத்தில் முதல் பெட்டியைத் திறந்தாயாம், கறுப்புச் சட்டத்துக்குள் கோட்டும் டையுமாக நான் உட்கார்ந்திருந்தேனாம். சாவு வீட்டில் வைக்கிற படம் என்று பார்த்ததுமே உனக்குத் தெரிந்துவிட்டது. "அப்பா, நெஜத்தச் சொல்லு, டாக்டர் என்ன சொன்னாரு, எத்தன நாளா எங்கிட்ட மறைக்கிற" என்று கேட்டாய். ஒன்றுமில்லை என்றேன், அதுதான் நான் செய்த தப்பு. உன் அம்மாவும் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல என்று சொல்லியே நம் இரண்டு பேரையும் ஏமாற்றிவிட்டுப் போனவள்தானே, இந்த வீட்டில் அந்த வார்த்தைக்கு என்ன மரியாதை இருக்கும். அது போகட்டும். ஆனால் மீதிப் பெட்டிகளைத் தொடக் கூடாது, அப்படியே பூசானுக்குத் திருப்பி அனுப்பணும், நானும் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறேன் என்று அங்கே பிடிவாதம் பிடிக்கிறாயாமே. மாப்பிள்ளைதான் எனக்குத் தனியாகப் போன் போட்டுச் சொன்னார், உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார், நான் சொல்லாமல் இருக்கிற ஆளா. "மாமா, பூட்ஸ் இருக்கிற பெட்டியக்கூடத் திறக்க விடமாட்டேங்குறா, என் ஷூவுக்குள்ள ரெண்டு காலுறை போட்டுக்கிட்டுப் பனியில வேலைக்குப் போறா" என்றார். பல் கட்டும் வேலைக்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்த பரீட்சையை மூன்றாம் தடவை எழுதித் தேறினவள் நீ, அதைக் கிழவன் படம் ஒன்றைப் பார்த்துவிட்டா தூக்கிப் போடுவாய். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், கோபப்படாமல் படி.

அந்தப் படம் போன வருஷம் இலையுதிர் காலத்தில் எடுத்தது. முதியோர் மன்றத்துக்குக் கல்லூரிப் பிள்ளைகள் வந்து வருஷா வருஷம் கிழவன் கிழவிகளுக்கு இலவசமாக எடுத்துக் கொடுப்பார்களே, அதுதான். முன்கூட்டியே எடுத்து வைத்தால் ஆயுசு கூடும் என்று வரிசையில் நிற்பவர்களை நான் எவ்வளவு கேலி பேசியவன் என்பது உனக்குத் தெரியும், அதனால்தான் எனக்கு ஏதோ வந்துவிட்டது என்று நீ பயந்தாய். கீழே கூட்டு, பொரியல் கடை வைத்திருக்கும் தோங்யோங் ஊர்க்காரிதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஆனால் அவள் இழுத்ததால் மட்டும் போகவில்லை நாரே. உன் அம்மா போன அன்று ஒரு நல்ல படம் இல்லாமல் நாம் பட்ட பாட்டை நினைத்துப் பார். ஜேஜு தீவுக்குச் சுற்றுலா போனபோது எடுத்த படத்திலிருந்து அவளை மட்டும் வெட்டி எடுத்தோம், பக்கத்தில் நின்றவளின் தோள்பட்டையும் சேர்ந்து வந்துவிட்டது, அதை அழித்துத் தரச் சொல்லித் துக்க உடையோடு நீ ஒவ்வொரு ஸ்டூடியோவாக ஓடினாய். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அழ வேண்டிய நேரமெல்லாம் உனக்கு ஓட்டத்திலேயே போயிற்று. இன்னொரு தடவை என் பெண் அப்படி ஓடக் கூடாது என்று நினைத்தேன், வேறு ஒரு காரணமும் கிடையாது.

எடுத்த பிறகு அதை எங்கே ஒளிப்பது என்று வீடெல்லாம் பார்த்தேன். உன் அறை அலமாரியின் உச்சிதான் சரியாகப் பட்டது, நீ ஒரு நாளும் அங்கே தூசி தட்டினதில்லை என்ற நம்பிக்கைதான். உங்கள் சாமானை மூட்டை கட்ட வந்தவர்களைப் பற்றித்தான் நான் நினைக்கவில்லை. அவர்கள் கண்ணில் பட்டதையெல்லாம் கட்டுகிறவர்கள், உன் குப்பைக் கூடையைக்கூடக் குப்பையோடு கட்டி அனுப்பியிருக்கிறார்கள் என்று மாப்பிள்ளை சொல்லிச் சிரித்தார். என்னைக் குறுக்கே நிற்காமல் காபி போடப் போகச் சொல்லிவிட்டார்கள், நானும் போய்விட்டேன். லாரி போன பிறகு ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தால் அலமாரி மேல் ஒன்றுமில்லை. உன்னிடம் சொல்லவும் வாய் வரவில்லை, இந்தப் பெட்டியைக் கடைசியாகத் திறக்கட்டும் சாமி என்று இரண்டு மாதமும் வேண்டிக்கொண்டிருந்தேன், நீ அதைத்தான் முதலில் திறந்திருக்கிறாய். ஆனாலும் அந்த ஆட்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், இவ்வளவு கடல் தாண்டியும் கண்ணாடியில் ஒரு கீறல் இல்லையாம்.

உன் போன் வந்த மறுநாள் தோங்யோங்காரி கடையைச் சாத்திவிட்டு என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். தலை முதல் கால் வரை எல்லாம் பார்த்தார்கள். ரத்த அழுத்தம் கொஞ்சம் அதிகம், உப்பைக் குறைக்கணும், சோஜு சாராயத்தையும் குறைக்கணும், மற்றபடி ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் அவள் முன்னால்தான் சொன்னார். என் பேச்சில் நம்பிக்கை இல்லாவிட்டால் அவளுக்கே போன் போட்டுக் கேள். "இந்தாளு இப்ப போற மாதிரியெல்லாம் இல்லம்மா, என் கடைக் கருவாட்டுக் கூட்டக் காலி பண்ணாம எங்க போவாரு" என்று உனக்குச் சொல்லச் சொன்னாள். அவள் இல்லாவிட்டால் இந்த வீட்டில் நான் தனியாக என்ன செய்திருப்பேனோ தெரியாது, உன் அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உன்னிடம் வாக்குக் கொடுத்தவள் போல நடந்துகொள்கிறாள், அவளுக்கு அங்கிருந்து நல்ல கையுறை ஒன்று அனுப்பு.

நீ அழுததற்குக்கூட எனக்கு நன்றி சொல்லத்தான் தோன்றுகிறது. அம்மா போன பிறகு நீங்கள் இரண்டு பேரும் சொந்த வீட்டை விட்டுவிட்டு வந்து என்னோடு இருந்தீர்கள், மாப்பிள்ளை ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. நான்தான் உங்களைப் போங்கள் போங்கள் என்று தள்ளினேன், இன்னும் அதையேதான் சொல்கிறேன். நீ திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், நான் நன்றாக இருக்கிற ஒவ்வொரு நாளும் உனக்கு அநியாயமாகப் போகும், அது எனக்குப் பொறுக்காது. இன்னொன்று, அரிசி குக்கரை எடுத்ததும் நேராகச் சுவரில் செருகிவிடாதே, அங்கே மின்சாரம் வேறு, அதற்கான டிரான்ஸ்பார்மர் மாப்பிள்ளையின் புத்தகங்களோடு இருக்கிறது. குக்கருக்குள் கடற்பாசி அடைத்து வைத்திருக்கிறேன், அதையும் பார்த்துச் செய்.

படத்தைத் திருப்பி அனுப்பட்டுமா என்று மாப்பிள்ளை கேட்டார். வேண்டாம் என்றேன். என் படம், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். ஆமாம், விமானம் என்றாலே பயந்து ஓடுகிற உன் அப்பாதான் சொல்கிறேன். பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கப் போனேன், சாவுப் படத்துக்குச் சிரி சிரி என்றார்கள், இதற்குச் சிரிக்கவே கூடாதாம், என்ன உலகமோ. பனி உருகினதும் வருகிறேன், வந்து அந்தப் படத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறேன், எந்த ஆள் நன்றாக இருக்கிறான் என்று நீயே பார்த்துச் சொல்.

நீயும் மாப்பிள்ளையும் வயிறு நிறையச் சாப்பிட்டு, ஒருவர் கையை ஒருவர் விடாமல், நூறு வருஷம் நன்றாக இருங்கள். கட்டிலில் படுத்தால் எனக்கு முதுகு பிடித்துக்கொள்ளும் என்பது உனக்குத் தெரியும். உன் கல்யாணத்துக்கு அம்மா தைக்கக் கொடுத்தாளே, தரையில் விரிக்கிற பருத்தி மெத்தை, அது அந்தப் பெட்டிகளில் ஒன்றில்தான் இருக்கிறது. எந்தப் பெட்டி என்று எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் திறந்து தேடி எடுத்து, ஜன்னலோரம் வெயிலில் போட்டு வை.

உன் அப்பா,
மா தொக்பே