பதினெட்டாம் திகதிக்கு முன் ஒரு நல்ல லைன்

2010 பெப்ரவரி 2, செவ்வாய்

காலையில் தூறல், பிறகு வெயில். வயல்களில் நெல் வெட்டுத் தொடங்கிவிட்டது. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இல்லை.

பின்னேரம் ஸ்கைப் ஒத்திகை. கொழும்பிலிருந்து சுகந்தி, பல்கலைக்கழக வளாகத்தில் என்னோடு படித்தவள். மூன்று தரம் அறுந்தது. கடைசியில் அவள் சொன்னது: "உன்ர முகம் வாயைத் திறந்தபடி அப்படியே நிக்குது. பல்லுக் காட்டப் போன ஆள் மாதிரி."

18ஆம் திகதி ஸ்கைப்பில் நேர்முகம். வாவிக்கரைக் கண்டல் காடுகள், இரண்டு வருட ஆய்வு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று. 1990இல் சண்டை வந்து நான் பாதியில் விட்ட அதே வேலை. அப்போது போக முடியாத கரைகளுக்கு இப்போது தோணியில் போகலாமாம். நாற்பத்தொன்பது வயதுக்காரியை எடுப்பார்களா, சந்தேகம்தான். ஆனால் வாய் திறந்தபடி உறைந்துபோய்த் தோற்க விருப்பமில்லை.

தங்கை மலருக்கு மட்டும் தெரியும்.

3, புதன்

சீனி, மண்ணெண்ணெய், திருத்த வேண்டிய 9ஆம் வகுப்புக் கொப்பிகள்.

தொலைபேசி பில்லோடு ஒரு துண்டுத் தாள். பத்து வருடத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்கு அதே கட்டணத்தில் இரண்டு மடங்கு இணைய வேகம். இரண்டு தரம் வாசித்தேன். சின்ன எழுத்தில் ஏதும் ஒளித்திருக்கிறார்களா என்று மூன்றாம் தரமும்.

நாளை விடுமுறை. வெள்ளி போகலாம்.

5, வெள்ளி

தொலைபேசிக் கந்தோர். ஒரு மணித்தியாலம் வரிசை. மேசையில் ஹனீபா என்பவர், ஏறாவூர்க்காரர், மரியாதையான மனிதர்.

"டீச்சர், கொம்பியூட்டர் 2005 எண்டுதான் காட்டுது. ஐஞ்சு வருசம்."

"2005ல நான் புதுசா எடுக்கல்ல. கல்லடி வீட்டுல இரிந்த லைன். சுனாமிக் கடல் வந்த பிறகு செங்கலடிக்கு மாத்தினது. அதே நம்பர்."

"எனக்கு விளங்குது. ஆனா பழைய பதிவு இஞ்ச ஒண்டும் இல்ல. அதுக்கு முந்தின பில் ஏதும் வெச்சிரிக்கீங்களா?"

இல்லை என்றேன். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எதற்கு நன்றி?

மலர் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "பில்லுக்குக் கடலிட்டப் போய்க் கேளுங்க எண்டு சொல்லியிரிக்கலாமே கா!" எனக்கும் அது தோன்றியது, பஸ்ஸில் ஏறிய பிறகு.

8, திங்கள்

பட்டச் சான்றிதழின் பிரதி வேண்டுமென்று மின்னஞ்சல். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் பையை இறக்கினேன். 1990 முதல் எங்கே ஓடினாலும் அதுதான் முதலில் கைக்கு வரும். கடல் வந்த காலையிலும் மலர் அதைத்தான் தூக்கினாள், செருப்பை விட்டுவிட்டு. காணி உறுதிப் பத்திரம், பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், என் சான்றிதழ், எல்லாம் பொலித்தீன் சுற்றி. உறுதியின் மடிப்புக்குள் ஒரு மஞ்சள் தாள்.

தொலைபேசி வைப்புப் பணப் பற்றுச்சீட்டு. 1997. என் பெயர், எண், முத்திரை.

"அப்பாட வேலை," என்றாள் மலர். "மூண்டு வருசம் காத்திரிந்து கிடைச்ச போன் எல்லுவா. காணியோட சேத்து வெச்சிட்டார்."

பிறகு பாடம் எடுத்தாள். பஸ் நிலையத்தில் புதுத் தொலைபேசிக் கம்பனி ஒன்று கூடாரம் போட்டு நோட்டீஸ் கொடுக்கிறது, ஒன்று வாங்கிப் போக வேண்டும். "அத மேசையில வைங்க. ஒண்டும் கதைக்காதீங்க. வாயத் திறந்தா நன்றி சொல்லிட்டு வந்திருவீங்க."

9, செவ்வாய்

அரைநாள் லீவு. பற்றுச்சீட்டு, அதன் பக்கத்தில் நோட்டீஸ். கதைக்கவில்லை.

ஹனீபா நோட்டீஸைப் பார்த்துச் சிரித்தார். "இது எங்கட டீச்சர்ட வேல இல்லயே. ஆரு சொல்லித் தந்த?" பற்றுச்சீட்டை மட்டும் இரண்டு கையாலும் எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். "எங்கட கந்தோர்லயே இல்லாத சாமான் டீச்சர் இது."

வேகம் தருவாராம். கொழும்புக்கு அனுப்பி வர மூன்று கிழமை.

மூன்று கிழமை. 18 தாண்டிவிடும். அப்போதுதான் சொன்னேன், சத்தம் குறைத்து. "18ஆம் திகதி ஒரு நேர்முகம் இரிக்கு. கொம்பியூட்டர்ல."

"மகளுக்கா?"

"எனக்கு."

என்ன வேலை என்று கேட்டார், சொன்னேன். கண்டல் என்றதும் தன் ஊர்க் கரையில் வெட்டி முடித்துவிட்டார்கள் என்றார். பிறகு டெலிபோனை எடுத்துச் சிங்களத்தில் நீளமாகக் கதைத்தார். ஒரு சொல் மட்டும் விளங்கியது: டீச்சர்.

"பாப்பம். வாக்குத் தர மாட்டன்."

அது எனக்குப் பிடித்தது. வாக்குத் தருபவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

15, திங்கள்

ஒன்றுமில்லை. மலர் கந்தோர் முழுவதையும் திட்டினாள். எனக்குப் பல்வலி.

17, புதன்

பி.ப. 4. மோடத்தில் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. போச்சு என்று நினைத்தேன். பிறகு சுகந்தியைக் கூப்பிட்டேன். முப்பது நிமிடம், அறுபடவில்லை. அவள் வீட்டுச் சுவர்ப் பல்லி ஓடுவதுகூடத் தெரிந்தது.

"நரை தெரியுதடி," என்றாள்.

தெரியட்டும்.

18, வியாழன்

வெயில். நேர்முகம் இரண்டு மணிக்கு. நீலச் சேலை. மலர் மெஷினைத் தொடமாட்டாளாம், சத்தம் போகுமாம்.

சான்றிதழும் பற்றுச்சீட்டும் இன்னும் மேசையில். பைக்குள் வைக்கப் போனேன். பிறகு மேசை லாச்சியைத் திறந்து அதற்குள் வைத்தேன். உறுதி பையிலேயே இருக்கட்டும், பை ஆணியில். ஒரேயடியாக எல்லாம் வேண்டாம்.

1.58. ஸ்கைப் மணி அடிக்கிற—