டேப்பின் மறுமுனை

மார்ச் 2, ஞாயிறு

பள்ளிச் சீருடை நான்கு முடித்தேன். வெள்ளைப் பட்டன் தீர்ந்துவிட்டது, நாளை வாங்க வேண்டும்.

மாலையில் அண்ணன் வந்தார். நாலு தெரு தள்ளி ஒரு வீடு விலைக்கு வருகிறதாம். "நேத்துதான் கண்ணுல பட்டுச்சு கத்திரி, உடனே உன் ஞாபகம்தான் வந்துச்சு" என்றார். சின்ன வயதில் கைக்குக் கிடைத்த துணியையெல்லாம் வெட்டித் தொலைத்ததற்காக வைத்த பெயர். நாற்பத்தொரு வயதாகியும் விடமாட்டேன் என்கிறார்.

மார்ச் 4, செவ்வாய்

வீட்டைப் பார்த்தோம். எனக்குப் பின்னறை போதும், மற்றதெல்லாம் எப்படி இருந்தாலும் சரி. இரண்டு பக்கம் ஜன்னல், பகல் முழுக்க வெளிச்சம். ஒன்பது வருடமாகச் சாப்பாட்டு மேஜைக்கும் டிவிக்கும் நடுவில் உட்கார்ந்து தைக்கிறேன், யாராவது வந்தால் மெஷினைத் தள்ளி வழிவிட வேண்டும். இங்கே மூன்று மெஷின் போடலாம். துணி வெட்டத் தனி மேஜை! நடுவில் நின்று கையை விரித்துப் பார்த்தேன், இடிக்கவில்லை.

அண்ணன் உள்ளே வரவில்லை. வாசற்படியிலேயே நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் ஏதோ அவசரம் போலிருக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

வாடகை வீட்டுக்காரர் வந்து மே மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டுப் போனார். விற்கிற வீட்டுக்காரர் சீக்கிரம் முடிவு சொல்லுங்கள் என்கிறார். என் வீட்டுக்காரர் வழக்கம்போல "பார்த்துக்கலாம்" என்கிறார். மூன்று வீட்டுக்காரர்கள் இருந்தும் எனக்கென்று ஒரு வீடு இல்லை.

மார்ச் 10, திங்கள்

கோபத்தில் எழுத்து கோணல்மாணலாக வருகிறது. வரட்டும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு முன்பணம் கொடுப்பது 19ஆம் தேதி, புதன். சர்வேயர் வந்து அளப்பது 20ஆம் தேதி, வியாழன். அண்ணனும் இவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிட்டார்களாம். நான் அடுத்த அறையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். கூப்பிட எத்தனை அடி?

"துணியை வெட்டிட்டு அப்புறம் ஆளை அளக்கச் சொல்றீங்களே" என்றேன்.

"ஒரு நாள்தானே வித்தியாசம்" என்கிறார் இவர். ஒரு நாள்தானே என்றால் அந்த ஒரு நாளை முன்னால் வைக்க வேண்டியதுதானே! கையெழுத்துப் போட்டபின் கோணல் தெரிந்தால் யார் முகத்தில் போய் முழிப்பது? சர்வேயருக்கு அதற்கு முன்னால் நேரம் இல்லையாம். கேட்டார்களா? இல்லை. அண்ணன் சொன்னாராம்.

அண்ணன் சொன்னாரு, அண்ணன் சொன்னாரு. கிளிப்பிள்ளை.

மார்ச் 11, செவ்வாய்

இன்று மெஷினோடு மட்டும்தான் பேசினேன்.

மார்ச் 13, வியாழன்

நானே சர்வே ஆபீசுக்குப் போனேன். அரை மணி நேரம் நின்றேன், அவ்வளவுதான். யாரோ ஒருவர் தேதியை மாற்றிக்கொண்டதில் 17ஆம் தேதி காலை எட்டு மணி காலியாக இருந்தது. எழுதிக்கொண்டார்கள். நேரம் இல்லையாமே!

இவரிடம் சொன்னதும் முகம் தொங்கிவிட்டது. "உங்க அண்ணன் மனசு நோகுமே."

"என் மனசு என்ன ரப்பரா?"

மார்ச் 14, வெள்ளி

எதிர்பார்த்தது போலவே அண்ணன் போன் செய்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "என் மேல நம்பிக்கை இல்லையா கத்திரி? நான் பார்த்து வச்ச வீட்ட நீ அளந்துதான் வாங்கணுமா?" குரல் உடைந்திருந்தது.

அப்பா போனபின் என் படிப்புக்கும் முதல் மெஷினுக்கும் துணை நின்றவர் அவர்தான். நான் என்ன ஜென்மம்? சர்வேயை ரத்து செய்துவிடலாம் என்று ஆபீசுக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடிக்க மனம் வரவில்லை. சரி, அளந்து, எல்லாம் சரியாக இருந்ததும் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்.

மார்ச் 17, திங்கள்

மன்னிப்பா? நானா?

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

சர்வேயர் ஒரு பெண். என்னைவிடச் சின்னவள், பேச்சு கறார். உதவியாள் வராததால் டேப்பின் மறுமுனையை நான் பிடித்தேன். முன்பக்கம் சரி, பக்கவாட்டுச் சுவர் சரி. பின்னால் போனதும் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அக்கா, இந்த ரூம் மனைக்குள்ள இல்ல. பின்னாடி வடிகாலுக்கு விட்ட இடத்துல நிக்குது. என்னைக்கு வேணா இடிப்பாங்க."

என் பின்னறை. என் இரண்டு ஜன்னல்.

அதையாவது தாங்கியிருப்பேன். சுவரோரம் சாத்தியிருந்த பலகையை நகர்த்தியவள், "ஏற்கெனவே அளந்திருக்காங்களே" என்றாள். சுவரின் அடியில் நீலப் பெயிண்டில் ஒரு அம்புக்குறி, பக்கத்தில் 14.2 என்று தேதி. அந்த மாதிரிக் குறி போடுகிறவர் அவர்கள் ஆபீசில் ஒருவர்தானாம். அங்கேயே நின்று அவருக்குப் போன் செய்தாள். யாருக்காக அளந்தது என்று அவருக்குப் பெயர் நினைவில்லை, எழுதி வைத்த போன் நம்பர் இருந்தது. அவர் சொல்லச் சொல்ல இவள் திருப்பிச் சொன்னாள். பாதி சொல்வதற்குள் மீதியை நானே சொல்லிவிட்டேன்.

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் ஒன்றே ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டைத்தான் முதலில் புரட்டினேன். மார்ச் 2: "நேத்துதான் கண்ணுல பட்டுச்சு."

மார்ச் 18, செவ்வாய்

அவர் கடைக்கே போனேன். மூக்குக்கண்ணாடிக் கடை. ஊருக்கெல்லாம் பார்வை சரிசெய்கிறவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. வாடிக்கையாளர் ஒருவர் வெளியே போகும்வரை காத்திருந்தேன், அந்த மரியாதையாவது எனக்கு இருக்கிறது.

பிப்ரவரியில் அவரே அந்த வீட்டை வாங்கக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். முன்பணமும் கொடுத்துவிட்டார். அளந்தது அதற்குப் பிறகு. கோணல் தெரிந்து திருப்பிக் கேட்டதற்கு, வேறு ஆளைக் கொண்டுவந்தால் தருகிறேன் என்றானாம் விற்கிறவன்.

"அந்த வேறு ஆள் நானா?"

"உனக்குன்னா குடும்பத்துக்குள்ளேயே இருக்கும்னு நெனச்சேன். இடிக்க வந்தா நான் ஆள் வச்சுப் பேசியிருப்பேன்மா..."

"அந்த ரூமுக்குள்ள நான் கைய விரிச்சு நின்னேன். எல்லாம் தெரிஞ்சும் வாசல்லதானே நின்னுக்கிட்டு இருந்தே? நீயெல்லாம் ஒரு அண்ணனா?"

நாற்பத்தொரு வருடத்தில் அவரை முதன்முதலாக 'நீ' என்றேன். திருத்திக்கொள்ளவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அழுக்கே இல்லாத கண்ணாடி.

மார்ச் 19, புதன்

கையெழுத்துப் போடவில்லை.

மார்ச் 26, புதன்

இவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: அண்ணனின் முன்பணம் போனது போனதுதானாம். பாவமாக இல்லையா என்று கேட்டார். இருக்கிறது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. என்னிடம் வந்து, "கத்திரி, நான் ஏமாந்துட்டேன்" என்று சொல்லியிருந்தால் நானும் கூடப் போய் அந்த ஆளின் சட்டையைப் பிடித்திருப்பேனே. தான் முட்டாள் ஆனதை மறைக்க என்னை முட்டாள் ஆக்கப் பார்த்திருக்கிறார்.

மே 3, சனி

வேறொரு வீடு. சிறியது. தைக்கிற அறைக்கு ஒரே ஜன்னல், மதியத்துக்கு மேல் விளக்குப் போட வேண்டும். கையெழுத்து அடுத்த வாரம். இன்று அளந்தாயிற்று.

அதே சர்வேயர்ப் பெண். உதவியாள் இன்றும் வரவில்லை. இவர் கதவைத் திறக்கப் போன நேரம், யாரோ டேப்பின் மறுமுனையை வாங்கிக்கொண்டு பின்சுவரை நோக்கி நடந்தார்கள். நிமிர்ந்தால் அண்ணன். யார் சொல்லி வந்தார் என்று கேட்கவில்லை, இவருடைய முகத்திலேயே தெரிந்தது. மூலையில் குனிந்து, எல்லைக்கல்லின் மேல் டேப்பை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். முட்டி வலி உள்ளவர். நான் இந்த முனையில்.

கோபம் போகவில்லை. இதை எழுதும்போதும் இருக்கிறது. ஆனால் டேப் தொய்ந்திருந்தது, அளவு தப்பாகிவிடும்.

"தொய்யுது. இழுத்துப் பிடிங்க" என்றேன்.

நாற்பத்தாறு நாளுக்குப் பிறகு அவரிடம் பேசிய முதல் வார்த்தை. 'ங்க' போட்டேனா?

போட்டேன்.