குலுக்கி அலசிய குழாய்

செவ்வாய், இரவு.

கம்பத்துப் பெரியவருக்குக் காய்ச்சல் நிற்கவே இல்லை. சிறுநீர் போக அவருக்கு டியூப் போட்டிருக்கிறது. அவருடைய கிருமி டியூபுக்குள் படலமாக ஒட்டிக்கொள்ளும் வகையா என்று டாக்டர் கேட்டிருந்தார். ஒட்டும் வகையென்றால் மருந்து மட்டும் போதாது, டியூபையே மாற்ற வேண்டும்.

எங்கள் லேபில் சோதனைக் குழாயில் கிருமியை வளர்த்து, அலசி, ஊதாச் சாயம் ஊற்றிப் பார்த்தோம். சுவரில் சாயம் பிடிக்கவில்லை. படலம் இல்லை என்று காலையில் டாக்டரிடம் சொல்லிவிட்டேன். மதியம், அதே கிருமியைத் தடவி வைத்திருந்த காங்கோ ரெட் சாயத் தட்டைத் திறந்தால் கிருமியெல்லாம் கரியாய்க் கறுத்திருக்கிறது. படலம் கட்டும் கிருமிதான் அப்படிக் கறுக்கும்.

குழாயை அலசியது லேப் டெக்னீசியன் செல்வியக்கா. எப்படி அலசினீர்கள் என்று கேட்டேன்.

"டம்ளர் கழுவுற மாதிரி நல்லா குலுக்கி மூணு தண்ணி விட்டேன். அழுக்கோடயா சாயம் ஊத்துறது?"

அந்த அழுக்கைத்தானே தேடினோம். கத்த வாயெடுத்தேன். ஆனால் குழாயைப் பார்த்தால் குறை சொல்ல இடமில்லை, அவ்வளவு சுத்தம்.

டாக்டருக்குப் போன் செய்தேன். "காலையில இல்லைன்னீங்களே" என்றார். பிறகு, நாளை மாற்றிவிடலாம் என்றார்.

கிளம்பும்போது வாசலில் பெரியவரின் மனைவி நின்றிருந்தார். "டியூபை மாத்த வேணாம்னு காலையில டாக்டர் சொன்னாக ஆத்தா. போன தடவ மாத்துறப்ப அவுக வலியில அழுதுட்டாக" என்று ஒரு பை திராட்சையைக் கையில் திணித்தார்.

டாக்டரே சொல்லட்டும் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

திராட்சை மேசைமேல் இருக்கிறது. மேலே அந்த வெள்ளைப் பூச்சு அப்படியே இருக்கிறது. கழுவக் கை போகவில்லை.