சேம்பருக்கு ஒரு நாள் ஓய்வு

வியாழன். விஜயதசமி. காலையிலேயே புழுக்கம்.

இல்லை, அணைத்தது நான் இல்லை. நேற்று லேப் ஆயுத பூஜையில் நானும்தான் நின்று பொரி தின்றேன் என்பார்கள். தின்றேன். தின்றுவிட்டு வீட்டுக்கு, ஊரப்பாக்கத்துக்கு, ரயில் ஏறிவிட்டேன்.

இன்று தாம்பரத்தில் இறங்கினால் ரோடெல்லாம் உடைத்த பூசணி. லேப். நாற்று வளர்க்கும் கண்ணாடிப் பெட்டி, சேம்பர், அதன் கதவில் நேற்றைய சந்தனம், குங்குமம். உள்ளே விளக்குகள் பளீரென்று. கண்ணாடியைத் தொட்டேன், சுட்டது. குளிரூட்டும் மோட்டார் ஓடவில்லை. நாற்றுகள் வெந்த கீரை மாதிரி கப்புகளில் படிந்து கிடந்தன.

மரபணுவில் ஒரு சின்ன இடத்தை மட்டும் திருத்திய நெல். உப்புத் தண்ணீரைத் தாங்க வேண்டும், அதற்காக. எத்தனையோ செத்து, தேறியது இந்த ஒரு தொகுதிதான். இன்னும் விதை எடுக்கவில்லை. மிச்சமே இல்லை.

அட்டெண்டர் முருகேசன் அண்ணனிடம் கத்திவிட்டேன்.

"என்னாண்ட இன்னாத்துக்கு மேடம் கத்துற? சார்தான் மெஷினுக்கெல்லாம் ரெஸ்ட் குடுக்கச் சொன்னாரு. மோட்டாரை நிறுத்துனேன். நல்ல நாளும் அதுவுமா இருட்டாக் கீதேன்னு லைட்டை வுட்டுவைக்கச் சொன்னாரு. வுட்டேன்."

மோட்டார் ஆயுதம். விளக்கு மங்கலம். மூடிய பெட்டிக்குள் இரண்டும் சேர்ந்தால் அடுப்பு. இது தெரியாதவரா சார், என் பிஎச்.டி. கைடு? வகுப்பில் இதைத்தானே நடத்துகிறார்.

வெள்ளி. மழை வருவது போல, வரவில்லை.

சார் அறை.

"என்னம்மா மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டிருக்க? செடிதானே, மறுபடி பண்ணிக்கலாம்."

"மூணு வருஷம் சார்."

"என் பிஎச்.டி.க்கு ஏழு வருஷம். சரி, அதை விடு. புதன்கிழமை ஃபண்ட் குடுக்கிறவங்க வராங்க. வெளியில டிரேல சாதா நாத்து இருக்குல்ல? எடுத்து உள்ள வை. பார்க்க ஒண்ணு மாதிரிதானே இருக்கும். லேபிள் நீயே எழுதிடு, உன் ஹேண்ட்ரைட்டிங்தான் அழகு."

உண்மைதான். உப்பு படாதவரை இரண்டும் ஒன்று போலத்தான்.

சொல்ல நினைத்தவை: பொய். திருட்டு. நீங்கள் அணைத்தது என் மூன்று வருடம்.
சொன்னது: "சரி சார்."

இந்த "சரி சார்" மேல்தான் அதிகக் கோபம். வாயைக் கழுவியும் போகவில்லை.

சீனியர் தீபாக்கா கேன்டீனில்: "வெச்சிட்டுப் போடி. தீசிஸ்ல அவர் சைன் வேணுமா வேணாமா? உனக்கு மட்டும் புதுசா நடக்குதா என்ன?" சொல்லிவிட்டு என் வடையில் பாதியைப் பிய்த்துக்கொண்டாள்.

அவளுக்கும் நடந்திருக்கிறது. கேட்கவில்லை.

இரவு. அம்மா: "எப்பதான்டி முடியும்? அத்தை கேக்கறாங்க."
அத்தை, மாமா, ஊர். யார் கேட்டாலும் பதில் சேம்பருக்குள் வெந்து கிடக்கிறது.

சனி. தலைவலி. ரயிலில் நின்றுகொண்டே.

பூஜை மேல் கோபமா என்று யோசித்தேன். இல்லை. பொட்டு யாரையும் கொல்லவில்லை. "நான் சொல்லித்தான் நிறுத்தினார்கள்" என்று ஒரு வாக்கியம். அதைச் சொல்ல சாருக்கு வாய் வரவில்லை. அது போதும் எனக்கு, ஆத்திரப்பட.

வாங்க வேண்டியது: பேரசிட்டமால், அம்மாவுக்கு ஊதுவத்தி, கறுப்பு மார்க்கர்.

மதியம் லேப் காலி. சாதா நாற்றுகளை எடுத்து சேம்பரில் வைத்தேன். லேபிள் எழுதினேன், அழகாகவே. "உப்பு தாங்கும் நெல்."

அலமாரியில் உப்புக் கரைசல். என் நாற்றுகள் உயிரோடு இருந்தபோது, அவற்றைச் சோதிக்க நான் கலந்து வைத்தது. பாட்டிலில் என் பெயர். புதனுக்குள் சாதா நெல்லின் நுனி கருகும், இலை சுருளும். சார் கதவைத் திறந்து காட்டுவார்.

தீசிஸில் கையெழுத்து போடமாட்டார். தெரியும். பாட்டில் மூடியைத் திருகினேன்.

தாங்கும் என்றுதானே எழுதியிருக்கிறது. தாங்கட்டும்.

எல்லாக் கப்பிலும் ஊற்றினேன். மோட்டார் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.