முழுத் தொகையில் கையெழுத்துப் போடாதே

ஷமோகின், பென்சில்வேனியா
பிப்ரவரி 9

அன்புள்ள வின்ஸுக்கு,

நான் நலம். இங்கே பனி இன்னும் முழங்கால் உயரம் கிடக்கிறது. ஃப்ளோரிடாவில் நீ தங்கியிருக்கும் வீட்டுக்குப் போன் போட்டால் உன் அண்ணன் எட் ஸ்பீக்கரில் போட்டு நடுவில் புகுந்துவிடுகிறார். அதனால்தான் கடிதம். தனியாக உட்கார்ந்து படி.

ஃப்ளோரிடாவில் வருமான வரி இல்லை என்று எட் பாட்டாகப் பாடுகிறார். இங்கே மட்டும் உன் ஓய்வூதியத்துக்கு மாநில வரி இருக்கிறதா? ஒரு காசு கிடையாது. நம்மைக் கடிப்பது வீட்டு வரி, அதிலும் பள்ளிக்கூட வரி. முப்பது வருஷம் அந்தப் பள்ளியின் பாய்லரை அணையாமல் பார்த்துக்கொண்டாய். இப்போது அந்தப் பள்ளிக்கான வரியே நம்மை விரட்டுகிறது. நினைத்தால் எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் அங்கே என்ன வாழ்கிறது? நீ வாங்க நினைக்கும் டிரெய்லர் வீடு மட்டும்தான் நம்முடையதாகும், அது நிற்கும் மண் ஏதோ கம்பெனியுடையது. வருஷா வருஷம் வாடகை ஏற்றுவார்கள். புயல் இன்சூரன்ஸ் வேறு. உன் ஓய்வூதியம் ஏறவே ஏறாது.

சனிக்கிழமை சர்ச் கீழ்த்தளத்தில் விற்பனைக்கான பியரோகி கொழுக்கட்டை மடிக்கப் போயிருந்தேன். அந்த வீட்டை வாங்குவதற்காக நீ ஓய்வூதியத்தை மாதாமாதம் முழுத் தொகையாக, நீ இருக்கும்வரை மட்டும் வருகிற மாதிரி எடுக்கப்போவதைச் சொன்னேன். பெர்னிஸ் மாவைக் கீழே வைத்துவிட்டாள். "அடியே லொரெயின், உனக்குப் பைத்தியமா? எங்க வீட்டுக்காரரும் அதைத்தான் எடுத்தாரு. தீயணைப்பு கிளப் பார்ல எவனுக்கு மாசம் பெருசா வருதுன்னு இவனுங்களுக்குள்ள போட்டி. அவரு போனாரு, பணமும் கூடவே போயிருச்சு. குழிக்குள்ள யாருக்கு பீர் வாங்கிக் குடுக்கிறாரோ!" எல்லோரும் சிரித்தோம். எழுபத்திரண்டு வயதில் அவள் டாலர் கடைக் கல்லாவில் நிற்கிறாள்.

மாதம் கொஞ்சம் குறைந்த தொகையை எடுத்தால் உனக்குப் பிறகு எனக்குப் பாதியாவது வரும். எடுத்தால் டிரெய்லர் கட்டுப்படியாகாது, தெரியும். ஆனால் முழுத் தொகையை எடுத்துவிட்டால், உனக்குப் பிறகு எனக்கு வரும் அரசாங்க முதியோர் பணம் அந்த மண்ணின் வாடகைக்கே சரியாகிவிடும். ஒருமுறை கையெழுத்துப் போட்டுத் தொகை வர ஆரம்பித்தால் மாற்ற முடியாது என்று ஓய்வூதிய ஆபீஸில் கேட்டுவிட்டேன்.

"லொரெயின் முதல்ல போயிட்டா விட்டுக்குடுத்த காசெல்லாம் வீண்தானடா தம்பி" என்று எட் சொன்னதை நீ போனில் சிரித்துக்கொண்டே சொன்னாய். சிரிப்பு இருமலாகி, பேச்சை முடிக்க முடியவில்லை. அங்கத்து வெயிலில் இருமல் போய்விடும் என்றாயே, போகவில்லையே. பாய்லர் குழாய்களில் சுற்றியிருந்த வெள்ளை அஸ்பெஸ்டாஸ் பஞ்சை வெறுங்கையால் பிய்க்கச் சொன்னார்கள், நீயும் பிய்த்தாய். ஒரு முகமூடி கொடுத்தார்களா? அந்தச் சட்டைகளை உதறித் துவைத்தவள் நான்.

ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். உன் நெஞ்சை எடுத்த முதல் படத்தில் தெளிவில்லையாம். மறுபடி எடுக்க உனக்கு அடுத்த திங்கட்கிழமை நேரம் வாங்கிவிட்டேன். அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதே. வீட்டிலும் சரி, ஓய்வூதியத்திலும் சரி. எட் கோபித்துக்கொண்டால் பழியை என் மேல் போடு.

விமானத்தில் வா, காரை அங்கேயே விடு. வாசல் பனியை நானே தள்ளிவிட்டேன். நீ மண்வாரியைத் தொட வேண்டாம். கடவுள் உன் மூச்சைக் காக்கட்டும்.

உன்
லொரெயின்